கையில் காசில்லாத வேளையில் ஒரு மரணம்

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்ளப் போவது:

• வீட்டில், வைத்தியசாலையில் அல்லது திடீரென ஒருவர் இறந்தால் முதலில் யாருக்கு அறிவிப்பது
• மரணத்தைப் பதிவதும் அதன் பயனும்
• வறிய குடும்பத்தின் ஈமச் செலவுக்குப் பொதுப்பணத்திலிருந்து எந்த உதவி எந்த அலுவலகத்தில் கிடைக்கும்
• அந்த உதவி கைக்கு வரும்வரை கடன்படாமல் சமாளிப்பது எப்படி

ஊருக்குத் திரும்பி ஒரு வருடம்கூட ஆகாத ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தறப்பாள் கொட்டிலில் இருக்கிறார்கள். பக்கத்தில் வீட்டுத்திட்டத்து வீடு யன்னல் மட்டத்துக்கு எழும்பியிருக்கிறது. அடுத்த தவணைக் காசு வங்கிக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமையில் வீட்டின் மூத்தவர் கண்மூடுகிறார்.

பெட்டி வாங்க வேண்டும். வாகனம் பிடிக்க வேண்டும். பந்தல், கதிரை, வெளிச்சம், வந்தவர்களுக்குத் தேநீர், ஐயருக்கும் பறைக்கும் காசு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று ஒரு மாதத்துக்குச் செலவு தொடரும். தவணைக் காசு அதில் கரைந்துவிட்டால் வீடு யன்னல் மட்டத்திலேயே நின்றுவிடும். வேலை முடிந்ததைக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும் என்பதால் அந்தப் பணமும் தாமதிக்கும். தவணைக் காசைத் தொடாத குடும்பமோ நகையை அடகு வைக்கிறது, அல்லது கிழமைக் கட்டணத்துக்கு நுண்கடன் எடுக்கிறது. இறந்தவருக்குச் செய்த செலவை இருப்பவர்கள் வருடக்கணக்காகக் கட்டுகிறார்கள்.

இப்படி நடக்கத் தேவையில்லை. வறுமையில் இறந்தவரையும் மரியாதையோடு அனுப்பிவைப்பதற்கு அரசிலும் உள்ளூராட்சியிலும் சில ஏற்பாடுகள் உண்டு. ஆனால் அவை ஒரே அலுவலகத்தில் ஒரே தொகையாகக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி சமுர்த்தி வங்கியில், ஒரு பகுதி பிரதேச செயலகத்தில், இன்னொரு பகுதி பிரதேச சபையில் என்று பிரிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை செத்தவீடு முடிந்த பின்னரே கைக்கு வரும். ஆகவே நாம் பழகிக்கொள்ள வேண்டியவை இரண்டு: முதல் நாளிலிருந்தே பத்திரங்களை ஒழுங்காக எடுத்து வைப்பது, முதல் நாள் செலவைச் சுருக்கி, அதை ஊர்ச் சங்கத்தின் மூலம் தாங்கிக்கொள்வது.

1. முதலில் யாருக்கு அறிவிப்பது?

மரணம் எங்கே, எப்படி நிகழ்ந்தது என்பதைப் பொறுத்து வழி வேறுபடும்.

வீட்டில் இயற்கை மரணம்: முதுமையாலோ, முன்பே தெரிந்த நோயாலோ வீட்டில் இறந்தால் உங்கள் கிராம அலுவலருக்கு அன்றே அறிவியுங்கள். அவர் விசாரித்து மரணம் பற்றிய அறிக்கையைத் தருவார். அந்த அறிக்கையுடன்தான் மரணப் பதிவாளரிடம் செல்ல வேண்டும். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, நோய் நிர்ணய அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். நெடுநாள் நோய் இருந்தது என்பதை அவை காட்டும்.

வைத்தியசாலையில் மரணம்: மரணத்தின் காரணத்தைக் குறிக்கும் வைத்திய அத்தாட்சியை வைத்தியசாலை தரும். அதை வாங்காமல் பிரேதத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிறகு அதற்காகவே இன்னொரு பயணம் போக வேண்டி வரும்.

திடீர் மரணம்: பாம்புக்கடி, யானை தாக்குதல், மின்சாரம், நீரில் மூழ்குதல், வீதி விபத்து, வெடிபொருள், தற்கொலை, காரணம் தெரியாத மரணம் ஆகியவற்றுக்கு விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்ப்பார். சந்தேகம் இருந்தால் விடயம் நீதவானிடம் போகும். சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். விசாரணை முடிந்தபின் பிரேதம் உங்களிடம் ஒப்படைக்கப்படும். அரச வைத்தியசாலையில் செய்யும் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

அலைச்சலுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் அஞ்சிச் சிலர் திடீர் மரணத்தை இயற்கை மரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். இதனால் பின்னர் பெரும் இழப்பு வரும். யானை தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு உரிய இழப்பீடும், அனர்த்தத்தில் இறந்தவருக்கு உரிய உதவியும் விசாரணைப் பத்திரம் இல்லாமல் கிடைக்கமாட்டா.

2. மரணப் பதிவு

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டமாகும். இதன்படி, இறந்தவரின் உறவினர் அல்லது இறக்கும்போது உடனிருந்தவர் ஐந்து நாட்களுக்குள் மரணத்தைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். நினைவில் வைக்க வேண்டியவை:

• மரணம் நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே பதிய வேண்டும். முல்லைத்தீவைச் சேர்ந்தவர் யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலையில் இறந்தால் யாழ்ப்பாணத்தில்தான் பதிவு. சொந்த ஊரில் பதிவோம் என்று பத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் மீண்டும் அங்கே போக வேண்டும்.

• உரிய காலத்தில் பதிவதற்குக் கட்டணம் இல்லை. பின்னர் மேலதிகப் பிரதிகள் பெறும்போது சிறு கட்டணம் உண்டு.

• மூன்று மாதம் கடந்துவிட்டால் சாதாரண பதிவு முடியாது. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சத்தியக் கூற்றும் சான்றுகளும் தேவை.

• பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பதியும்போதே சரிபாருங்கள். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால் வங்கியில் காசு எடுக்கும்போது தடை வரும். எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

• இறந்தவரின் அடையாள அட்டையை எங்கேயாவது ஒப்படைக்குமுன் அதைப் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

இந்தப் பாடத்தில் வரும் பெரும்பாலான உதவிகளுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரரால் ஓட முடியாது. ஆகவே அயலவர் ஒருவர் இந்த வேலையைப் பொறுப்பெடுப்பது நல்லது. பந்தல் போட ஆள் இருப்பதுபோலப் பதிவுக்கும் ஓர் ஆள் இருக்கட்டும்.

3. எந்த உதவி, எங்கே?

தொகைகள் காலத்துக்குக் காலம் சுற்றறிக்கைகளால் மாறும். ஆகவே இங்கே தொகை எழுதவில்லை. ‘இப்போது எவ்வளவு, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்’ என்ற இரண்டு கேள்விகளையும் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அ) சமுர்த்தி சமூகப் பாதுகாப்பு நிதியம். 1995இல் ஆரம்பித்த சமுர்த்தித் திட்டத்தில் உதவி பெறும் குடும்பங்களின் கொடுப்பனவிலிருந்து ஒரு சிறு தொகை இந்த நிதியத்துக்காகக் கழிக்கப்பட்டது. பிறப்பு, திருமணம், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுதல், மரணம் ஆகியவற்றுக்கு இந்த நிதியத்திலிருந்து உதவி வழங்கப்படும். இது பிச்சை அல்ல. உங்கள் கொடுப்பனவில் கழித்த காசிலிருந்து உங்களுக்கே வரும் உதவி. கேட்க வெட்கப்பட வேண்டாம். சமுர்த்தி உத்தியோகத்தரிடம் விண்ணப்பப் படிவத்தைப் பெற்று, மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியுடன் சமுர்த்தி வங்கியில் கொடுக்க வேண்டும்.

மீளக் குடியமர்ந்த குடும்பங்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரலாம். ஆள் ஊருக்கு வந்துவிட்டார். சமுர்த்திக் கோவை இடம்பெயர்ந்திருந்த பிரிவிலேயே இருக்கிறது. மரணம் நிகழ்ந்தபின் இரண்டு அலுவலகத்துக்கும் நடக்க வேண்டி வரும். உங்கள் கோவை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள். பழைய இடத்தில் இருந்தால் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஆ) சமூக சேவைகள் உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் இருப்பார். மாதாந்தப் பொதுசன உதவிப்பணம் (ஊரில் பிச்சைச் சம்பளம் என்று சொல்வது), முதியோர் கொடுப்பனவு, வலுவிழந்தோர் கொடுப்பனவு ஆகியவற்றைப் பெற்றுவந்தவர் இறந்தால் அவரிடம் அறிவிக்க வேண்டும். சமுர்த்தியில் பெயர் இல்லாத வறிய குடும்பத்துக்கு வேறு உதவி செய்ய முடியுமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். இறந்தவரின் பெயரில் வரும் கொடுப்பனவைச் சொல்லாமல் தொடர்ந்து எடுக்காதீர்கள். பிறகு அந்தக் காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இ) அனர்த்த நிவாரணம். வெள்ளம், சூறாவளி, மின்னல் முதலிய இயற்கை அனர்த்தத்தில் இறந்தவரின் ஈமச் செலவுக்குத் தனியான உதவி உண்டு. பிரதேச செயலகத்தின் அனர்த்த நிவாரணப் பிரிவில் கிராம அலுவலரின் அறிக்கையுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

ஈ) யானை தாக்கி இறந்தால். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்குகிறது. பொலிஸ் முறைப்பாடு, மரண விசாரணை அறிக்கை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியன வேண்டும். நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த காணிகள் பல யானை வழியாக மாறியிருக்கின்றன. எல்லைக் கிராமங்களுக்குத் திரும்புவோர் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உ) பிரதேச சபை. மயானத்தைப் பராமரிப்பது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. கட்டணம் அறவிடும் மயானமாக இருந்தால், வறிய குடும்பத்துக்கு விலக்கு உண்டா என்று சபைச் செயலாளரிடம் கேளுங்கள். பிரேத ஊர்தி சபையிடம் இருக்கிறதா, குறைந்த கட்டணத்தில் தருவார்களா என்பதையும் கேளுங்கள். எல்லாச் சபையிலும் இவை ஒரேமாதிரி இல்லை. ஒருவர் இறக்குமுன்பே ஊர்ச் சங்கம் இதைக் கேட்டு அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஊ) இறந்தவர் உழைத்த இடம். கம்பனியிலோ கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்தவராயின் ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் அவர் பின்னுரித்தாளராக எழுதியவருக்குச் சேரும். கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் கமநல சேவை நிலையத்திலும், மீனவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் கடற்றொழில் பரிசோதகரிடமும் மரணப் பணிக்கொடை பற்றிக் கேளுங்கள். இவை செத்தவீட்டுக்கு உடனே உதவா. ஆனால் பட்ட கடனை அடைக்கவும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவும். இடம்பெயர்வில் அட்டைகள் தொலைந்திருந்தாலும், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தால் தேடிப் பார்க்கலாம்.

4. வைத்தியசாலையிலிருந்து பிரேதத்தை எடுக்க வசதியில்லாவிட்டால்

யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவு நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்துக்கு வாகனக் கூலி கொடுக்க முடியாமல், பிரேதத்தைப் பொறுப்பெடுக்கவே போகாமல் இருந்துவிட எண்ணும் குடும்பங்கள் உண்டு. அம்புலன்ஸ் நோயாளருக்கானது, பொதுவாகப் பிரேதம் ஏற்றாது.

எவரும் உரிமை கோராத பிரேதத்தை, வேண்டிய சட்ட அனுமதியைப் பெற்று, அரச செலவிலேயே அடக்கம் செய்வார்கள். அது அநாதைப் பிரேதம் என்ற பெயரில் நடக்கும். எங்கே அடக்கம் செய்தார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரியாமலே போய்விடலாம். இடம்பெயர்ந்த காலத்தில் உறவுகளைப் புதைத்த இடம் தெரியாமல் தவிக்கும் நமக்கு, அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒதுங்கி நிற்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போய், வசதியில்லை என்பதை நிர்வாகத்திடம் நேரே சொல்லுங்கள். மரணத்தைப் பதியுங்கள். பிறகு இரண்டு வழிகளை யோசியுங்கள். ஒன்று, கிராம அலுவலர், பிரதேச சபை, ஊர்ச் சங்கம், கோயில், ஆலயப் பங்கு, பள்ளிவாசல் ஆகியவற்றினூடாக வாகனம் ஒழுங்கு செய்வது. மற்றது, வைத்தியசாலைக்கு அருகிலுள்ள மயானத்திலேயே குடும்பத்தவர் முன்னிலையில் எளிமையாக ஈமக் கடனை முடிப்பது. தகனம் செய்தால் சாம்பலை ஊருக்குக் கொண்டுவரலாம். அடக்கம் செய்தால் இடத்தைக் குறித்து வைக்கலாம். ஊருக்குக் கொண்டுவரவில்லை என்பதற்காக அது மரியாதை குறைந்த சாவு ஆகிவிடாது.

5. மயானத்துக்குப் போகுமுன்

மயானங்களுக்கும் புதைகுழி இடங்களுக்கும் என்று 1899ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் சட்டம் இருக்கிறது. பிரேதத்தை அங்கீகரிக்கப்பட்ட மயானத்தில்தான் அடக்கவோ எரிக்கவோ வேண்டும். செலவு மிச்சம் என்று வளவுக்குள் அடக்கம் செய்யாதீர்கள். கிணற்று நீருக்கும் கேடு. பின்னர் காணிப் பிணக்கும் வரும்.

மீளக் குடியேறிய ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வீட்டுக் காணிகளும் வீதிகளும் துப்புரவு செய்யப்பட்டிருக்கலாம். ஊர் ஓரத்துச் சுடலை செய்யப்படாமல் இருக்கலாம். குழி வெட்டவோ, பற்றை வெட்டவோ, விறகு தறிக்கவோ போகுமுன், அந்த இடத்தில் கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். அந்த மயானம் தயாராகும்வரை எந்த மயானத்தைப் பாவிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்து, பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். சேமக்காலைக்கும் மையவாடிக்கும் இதே கவனம் வேண்டும். மையவாடிப் பற்றை பல வருடமாக வெட்டப்படாமல் கிடக்கும் ஊர்களில், ஜனாஸாவைத் தாமதமின்றி அடக்க வேண்டும் என்ற அவசரத்தில் எவரும் இருட்டில் குழி வெட்டப் போக வேண்டாம்.

6. எது அவசியம், எது வழக்கம்?

பதிவு, துணி, பிரேதத்தைக் கொண்டு செல்ல ஒரு வழி, குழி அல்லது விறகு, அவரவர் சமய முறைப்படி ஒரு கிரியை: இவை அவசியம். கபன் துணியில் அடக்கம் செய்வதற்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை என்பதை முஸ்லிம் அயலவர் நமக்குக் காட்டுகிறார்கள். முன்பு நம் ஊர்களிலும் பாடை கட்டித்தான் கொண்டு போனார்கள்.

விலை கூடிய பெட்டி, பாண்ட் வாத்தியம், வெடி, நோட்டீஸ், பதாகை, வீடியோ, வெளிநாட்டு உறவினர் வரும்வரை பிரேதத்தைப் பதப்படுத்தி வைத்திருத்தல், மூன்று நேரச் சாப்பாடு: இவை வழக்கமாகிவிட்டவை, இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் உள்ளவர் செலவைத் தருவதாகச் சொன்னால், காசு கைக்கு வந்தபின் செய்யுங்கள். வரும் என்று நம்பிக் கடனுக்குச் செய்து, பிறகு அது வராமல் போய்த் தவித்தவர்கள் உண்டு.

எட்டையும் அந்தியேட்டியையும் வீட்டளவில் செய்யலாம். ‘எங்கள் ஊரில் இனி இவ்வளவுதான்’ என்று எல்லோரும் சேர்ந்து ஒரு வரையறை வைத்துக்கொண்டால் எந்த வீட்டுக்கும் வெட்கமில்லை. தனி ஒரு குடும்பத்தால் இதைத் தொடங்குவது கடினம்; ஊராகச் செய்தால் எளிது.

7. மரண உதவிச் சங்கத்தை மீண்டும் ஆரம்பித்தல்

அரச உதவி எட்டுக்குப் பின் வரும். பெட்டிக்காரருக்கோ இன்றைக்கே காசு வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் நம் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் இருந்தன. மாதம் ஒரு சிறு தொகை கட்டினால், அங்கத்தவர் வீட்டில் மரணம் நிகழ்ந்த அன்றே ஒரு தொகை வீட்டுக்கு வரும். கதிரை, தகரம், கிடாரம், வெளிச்சம் எல்லாம் சங்கத்தில் இருக்கும். இடம்பெயர்வில் கொப்பியும் போனது, பொருளும் போனது, சங்கமும் நின்றது. மீள ஆரம்பிக்க:

• கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இயங்கினால், அதன் ஒரு பிரிவாகவே தொடங்கலாம். பதிவு பற்றிக் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் சொல்லித் தருவார்.

• சந்தாவை எல்லோராலும் கட்டக்கூடிய அளவில் வையுங்கள். கட்ட முடியாத முதியவர், பெண் தலைமைக் குடும்பம், வலுவிழந்தவர் ஆகியோரைச் சந்தா இல்லாமலே சேர்க்க ஒரு விதி எழுதுங்கள். உதவி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

• பணத்தை வீட்டில் வைக்க வேண்டாம். இரண்டு பேர் கையொப்பத்துடன் வங்கிக் கணக்கு வையுங்கள். அவசரத்துக்கு ஒரு மரணத்துக்குப் போதுமான தொகையை மட்டும் பொருளாளர் கையில் வையுங்கள்.

• சாதி, சமயம், பழைய குடி, புதிய குடி என்று பாராமல் ஊரில் இருக்கும் எல்லோரையும் சேருங்கள். ‘அவருடைய பிரேதத்துக்கு நாங்கள் போவதில்லை’ என்ற பேச்சு இனி வேண்டாம். முகாமில் ஒரே வரிசையில் நின்றவர்கள் நாம்.

• அரச உதவி பின்னர் கிடைத்ததும், சங்கம் முற்பணமாகக் கொடுத்ததைக் குடும்பம் திருப்பித் தருவதா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பல பிணக்குகள் இதில்தான் வருகின்றன.

8. இடம்பெயர்ந்த காலத்தில் இறந்தவர்கள்

வழியிலும் முகாமிலும் இறந்த பலரின் மரணம் பதியப்படவில்லை. அடக்கம் நடந்துவிட்டதால் ஈமச் செலவுக்கு இப்போது உதவி கிடைக்காது. ஆனாலும் பதிவு முக்கியம். காணி உரிமை மாற்றம், வங்கிப் பணம், பிள்ளையின் பாடசாலை அனுமதி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்தப் பத்திரம் கேட்பார்கள். முகாமில் கொடுத்த துண்டு, வைத்தியசாலை அட்டை, உடனிருந்தவரின் சாட்சியம், கோயில் அல்லது தேவாலயக் குறிப்பு எதுவாயினும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உறவினர் காணாமற்போன குடும்பங்களின் நிலை வேறு. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டமும் அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் இதற்கென உள்ளன. அந்தத் திருத்தத்தின்படி, ‘இறந்துவிட்டார்’ என்று ஏற்றுக்கொள்ளாமலே, அவர் காணாமற்போயுள்ளார் என்று காட்டும் சான்றிதழைப் பெறலாம். எதைப் பெறுவது என்பது குடும்பத்தின் முடிவு. உதவிப்பணம் கிடைக்கும் என்று சொல்லி எவரும் உங்களை மரணப் பதிவுக்குக் கட்டாயப்படுத்த முடியாது.

9. ஓர் உதாரணம்

இது ஒரு கற்பனைச் சம்பவம். குழுவில் இருவர் வாசித்துக் காட்டலாம்.

மகள்: விதானையார், அம்மா விடியப்புறம் மோசம் போயிட்டா. கையில ஒரு சதமும் இல்லை. வீட்டுத்திட்டக் காசை எடுப்பமோ எண்டு தம்பி கேக்கிறான்.

கிராம அலுவலர்: அதைத் தொட வேண்டாம், தங்கச்சி. அம்மாவுக்கு என்ன வருத்தம் இருந்தது?

மகள்: நீரிழிவு. மாதா மாதம் கிளினிக் போறவ. கொப்பி இருக்கு.

கிராம அலுவலர்: அந்தக் கொப்பியையும் அம்மாவின்ர ஐடென்ரிக் காட்டையும் கொண்டு வாங்கோ. நான் அறிக்கை எழுதித் தாறன். தம்பியைப் பதிவாளரிட்ட அனுப்புங்கோ. சமுர்த்தி எங்க இருக்கு?

மகள்: இன்னும் செட்டிகுளத்தில, ஐயா. மாத்தேல்லை.

கிராம அலுவலர்: அப்ப பத்திரம் கிடைச்ச உடனே அங்க உள்ள உத்தியோகத்தரோட கதைக்கோணும். நான் ஒரு கடிதம் தாறன். பெட்டிக்கு என்ன செய்யப் போறியள்?

மகள்: ஒருத்தர் வட்டிக்குத் தாறன் எண்டவர்.

கிராம அலுவலர்: வேண்டாம், தங்கச்சி. மாதர் சங்கத் தலைவியிட்ட நான் கதைக்கிறன். கதிரையும் தகரமும் அவையிட்ட இருக்கு. சாதாரணப் பெட்டி காணும். அம்மா உங்களைக் கடன்காரர் ஆக்கிப்போட்டுப் போக விரும்பியிருப்பாவோ?

இந்த உரையாடலில் கிராம அலுவலர் காசு எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் மகள் மூன்று விடயங்களைத் தெரிந்துகொண்டு திரும்புகிறாள்: முதலில் எந்தப் பத்திரம், எந்த உதவி எங்கே, எந்தக் கடனை எடுக்கக் கூடாது. உங்கள் கிராம அலுவலர் இவ்வளவு விளக்கமாகச் சொல்லாவிட்டால், இந்தக் கேள்விகளை நீங்களே கேளுங்கள். விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று எந்த அலுவலகமாவது சொன்னால், காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கடிதத்துடன் பிரதேச செயலாளரைச் சந்திக்கலாம்.

10. இன்றே ஒரு பையில் வைக்க வேண்டியவை

• குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்பு, திருமண அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகள்
• குடும்ப அட்டை, சமுர்த்தி அட்டை, சமுர்த்தி வங்கிப் புத்தகம்
• கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை
• ஊழியர் சேமலாப நிதி, ஓய்வூதியத் திட்டம் ஆகியவற்றின் இலக்கங்கள்
• கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், மரணப் பதிவாளர், பிரதேச சபை, ஊர்ச் சங்கம் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்கள்

மழை நனையாத பையில் வைத்து, எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள். சாவைப் பற்றி முன்கூட்டியே பேசுவது அபசகுனம் என்று மூத்தவர்கள் சொல்லக்கூடும். ‘உங்களை நல்லபடி அனுப்பி வைக்கத்தான் கேட்கிறோம்’ என்று சொன்னால், பெரும்பாலான மூத்தவர்கள் தாங்களே விபரம் சொல்வார்கள்.

குழுவில் கலந்துரையாட

1. கடந்த ஒரு வருடத்தில் நம் ஊரில் நிகழ்ந்த மரணங்களில் எத்தனை உரிய காலத்தில் பதியப்பட்டன? பதியாதவை எவை? அந்தக் குடும்பங்களுக்கு யார் உதவலாம்?

2. நம்மில் எத்தனை பேரின் சமுர்த்திக் கோவை இன்னும் இடம்பெயர்ந்த பிரிவில் இருக்கிறது?

3. நம் சுடலை, சேமக்காலை, மையவாடி ஆகியவை பாதுகாப்பானவை என உறுதிப்படுத்தப்பட்டுள்ளனவா? பிரதேச சபைக்கு யார் கடிதம் எழுதுவது?

4. நாளைக்கு ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால், முதல் நாள் செலவுக்கு ஊராக நாம் எவ்வளவு கொடுக்க முடியும்? மரண உதவிச் சங்கத்தை எந்தத் திகதியில் கூட்டுவது?

நான்காவது கேள்விக்கு விடையாக ஒரு திகதியைக் குறித்துக்கொண்ட பின்னரே கூட்டத்தை முடியுங்கள்.